எலெக்ட்ரான்களின் கோலாட்டம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

எலெக்ட்ரானைப் பிளக்க முடியாது என்று நம் விஞ்ஞானப் பாடம் சொல்கிறது. அணுவைப் பிளக்கலாம், அணுக்கருவையும் பிளக்கலாம். எலெக்ட்ரானுக்குள் நுழைய மட்டும் இதுவரை எவருக்கும் வழி கிடைத்ததில்லை. ஒரு பொருளில் உள்ள மின்னூட்டம் எலெக்ட்ரானுடைய மின்னூட்டத்தின் ஒரு மடங்கு, இரு மடங்கு, நூறு மடங்கு என்று முழு எண்ணாகவே இருக்கும் என்றும் படிக்கிறோம். ஆனால் 1997-ஆம் ஆண்டில் இஸ்ரேலில் ஒரு குழுவும் பிரான்சில் ஒரு குழுவும் தனித்தனியே ஒரு சோதனை செய்தன. வலிமை மிக்க காந்தப் புலத்தில் ஓடிய மின்னோட்டத்தை அவை நுட்பமாக ஆராய்ந்தன. அதைச் சுமந்து சென்ற துகள்களின் மின்னூட்டம் எலெக்ட்ரானுடையதில் சரியாக மூன்றில் ஒரு பங்கு!

அப்படியானால் பாடப் புத்தகம் பொய்யா? இல்லை, வாசகத் தோழியரே. புத்தகமும் மெய், சோதனையும் மெய். இரண்டும் எப்படி ஒருசேர மெய்யாக முடியும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. இந்தப் புதிரை விடுவித்தவர்களுள் ஒருவர் நம் நாட்டில் பிறந்தவர். இதன் ஒரு கிளைக் கணக்கு நம் சென்னைத் தரமணியில் போடப்பட்டது.

காந்தப் புலத்தில் மின்னோட்டம் பாயும் கம்பி ஒரு பக்கமாகத் தள்ளப்படும் என்பதை ஃபிளெமிங்கின் இடக்கை விதியில் படித்திருக்கிறோம். தள்ளப்படுவது கம்பி மட்டுமன்று. அதனுள் ஓடும் எலெக்ட்ரான்களும் ஓரமாக ஒதுக்கப்படுகின்றன. அதனால் கம்பியின் குறுக்கே, அதாவது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையே, ஒரு சிறு மின்னழுத்தம் எழுகிறது. இதை 1879-இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க மாணவர் மெல்லிய தங்கத் தகட்டில் கண்டுபிடித்தார். குறுக்கே எழும் மின்னழுத்தத்தை நெடுக ஓடும் மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது ஹால் மின்தடை. காந்தப் புலத்தைக் கூட்டக் கூட்ட அதுவும் சீராகக் கூடும். வரைபடத்தில் நேர்கோடு வரும்.

நூறு ஆண்டுகள் அது நேர்கோடாகவே இருந்தது. 1980 பிப்ரவரியில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஓர் இரவு, கிளௌஸ் ஃபான் கிளிட்சிங் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி அதே அளவீட்டைக் கடுங்குளிரில், வலிய காந்தப் புலத்தில், சிலிக்கான் சில்லு ஒன்றின் பரப்பில் செய்தார். நேர்கோட்டுக்குப் பதில் படிக்கட்டு வந்தது! புலத்தைக் கூட்டினாலும் மின்தடை சிறிது தூரம் அசையாமல் நிற்கும், பிறகு தாவும், மறுபடி நிற்கும். அது நின்ற இடங்கள் 25,812.807 ஓம், அதில் பாதி, அதில் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று இருந்தன. சில்லை மாற்றினாலும் இந்த எண் மாறவில்லை. அவருக்கு 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று உலகெங்கும் ஓம் என்ற அலகைச் சரிபார்க்க இந்தப் படிக்கட்டையே பயன்படுத்துகிறார்கள்.

படிக்கட்டு ஏன் வந்தது? இங்கே எலெக்ட்ரான்கள் கோலப்புள்ளிகளைப் போல ஒரே தளத்தில் கிடக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். அவற்றுக்கு மேலும் கீழும் இடமில்லை. பக்கவாட்டில் மட்டுமே நகரலாம். அத்தகைய தளத்துக்குச் செங்குத்தாக வலிய காந்தப் புலம் பாய்ந்தால் எலெக்ட்ரான்கள் நினைத்த ஆற்றலில் எல்லாம் இருக்க இயலாது. நம் பள்ளி மண்டபத்து பெஞ்சுகளைப் போல வரிசை வரிசையாக ஆற்றல் நிலைகள் அமைந்துவிடுகின்றன. ஓர் இருக்கையில் ஓர் எலெக்ட்ரான்தான் அமரலாம். இது பாலியின் விதி. ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை இருக்கைகள் என்பதைக் காந்தப் புலமே தீர்மானிக்கிறது. காந்தப் பாயத்தையும் சில்லறைக் காசு போல எண்ணலாம். அதன் மிகச்சிறிய காசுக்குப் பாயக் குவாண்டம் என்று பெயர். ஒரு பாயக் காசுக்கு ஓர் இருக்கை. புலம் கூடினால் காசு கூடும், பெஞ்சு நீளும்.

ஆகவே முதல் வரிசை மிச்சமின்றி நிறையும் புலம் ஒன்று உண்டு. முதலிரண்டு வரிசைகள் நிறையும் புலம் ஒன்று உண்டு. வரிசை நிறைந்திருக்கும்போது எவரும் எளிதில் இடம் மாற முடியாது. அடுத்த வரிசைக்குத் தாவ ஆற்றல் வேண்டும். மின்தடை அசையாமல் நிற்பது அங்கேதான். (இதில் ஒரு வேடிக்கை: படிகள் அகலமாக இருப்பதற்குப் படிகத்திலுள்ள மாசுகள்தாம் காரணம். நிறைவுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும் எலெக்ட்ரான்களை அவை பிடித்து வைத்துக்கொள்கின்றன. அழுக்கினால் துல்லியம் கிடைத்த இடம் வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை!)

இதுவரை எல்லாம் முழு எண்கள். புதிர் 1981 அக்டோபரில் வந்தது. டேனியல் சூயி, ஹார்ஸ்ட் ஸ்டோர்மர் என்ற இருவர், ஆர்தர் கோசார்டு வளர்த்துக் கொடுத்த மிகத் தூய கேலியம் ஆர்சனைடுப் படிகத்தை அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலுள்ள பெரிய காந்தம் ஒன்றில் வைத்தார்கள். புலம் ஏறத்தாழ 15 டெஸ்லா. மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் காந்தம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா, அதைப்போல் பத்து மடங்கு. சென்னையில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் புலத்தைப்போல் சுமார் மூன்றரை லட்சம் மடங்கு! குளிரோ, எல்லாம் உறைந்துபோகும் தனிச்சுழி வெப்பநிலைக்கு ஒரு பாகைகூட மேலே இல்லை. அந்தப் புலத்தில் பெஞ்சு மிக நீண்டு, முதல் வரிசையே மூன்றில் ஒரு பங்குதான் நிறைந்திருக்கும். அங்கே படி எதுவும் வரக் காரணமில்லை. ஆனால் வந்தது. 25,812.807 ஓமின் மூன்று மடங்கில், அதாவது சுமார் 77,438 ஓமில், ஒரு படி. சூயி வரைபடத்தை விரலால் அளந்து பார்த்து, வேடிக்கையாகக் "குவார்க்!" என்றாராம். குவார்க்குகளுக்குத்தானே மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் உண்டு!

1983-இல் ராபர்ட் லாஃப்லின் இதற்கு விளக்கம் தந்தார். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று வெறுத்துத் தள்ளுபவை. மண்டபத்தில் மூன்று இருக்கைக்கு ஒருவராகப் பரந்து அமர்ந்தால் எல்லோரும் ஒருவரையொருவர் இயன்ற மட்டும் தவிர்க்கலாம். வெளியிலிருந்து எவரும் கட்டளையிடாமலே அத்தனை எலெக்ட்ரான்களும் சேர்ந்து அப்படி ஒரு ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. இப்போது பாயக் காசு ஒன்று கூடுதலாக வந்தால் ஓர் இருக்கை கூடுதலாகிறது. மூன்று இருக்கை கூடியிருந்தால் ஓர் ஆள் குறைகிறது என்போம். ஓர் இருக்கை மட்டும் கூடினால்? மூன்றில் ஓர் ஆள் குறைகிறது! அந்த வெற்றிடம் ஒரு துகளைப் போலவே மண்டபத்தில் நகர்ந்து செல்லும். அதன் மின்னூட்டம் மூன்றில் ஒரு பங்கு. எந்த எலெக்ட்ரானும் வெட்டுப்படவில்லை. கூட்டத்தின் இடைவெளிதான் பின்னமாயிற்று. 1997-இல் அளந்தது இதைத்தான். லாஃப்லின், சூயி, ஸ்டோர்மர் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. படிகம் தூய்மையாக ஆக, புதிய படிகள் வந்துகொண்டே இருந்தன. 2/5, 3/7, 4/9 என்று ஒரு வரிசை. 2/3, 3/5, 4/7 என்று இன்னொரு வரிசை. லாஃப்லினின் விளக்கம் 1/3-க்கும் 1/5-க்கும் நேராகப் பொருந்தியது. மற்றவற்றுக்குத் தாய், மகள், பேத்தி என்று ஒரு பரம்பரையையே கட்ட வேண்டியிருந்தது. எனக்கு இக்கட்டுரையில் மிகப் பிடித்த மனிதர் இங்கேதான் வருகிறார்.

ராஜஸ்தானத்தில் சாம்பர் என்றோர் ஊர் உண்டு. (நம் வீட்டுச் சாம்பார் அல்ல, உப்பு ஏரிக்குப் புகழ்பெற்ற ஊர்.) அங்கே 1960-இல் பிறந்தவர் ஜைனேந்திர ஜெயின். சிறு வயதில் விபத்தொன்றில் காலிழந்தார். ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய 'ஜெய்ப்பூர் கால்' அவரை மீண்டும் நடக்க வைத்தது. ஜெய்ப்பூர் மகாராஜா கல்லூரியிலும் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் படித்து, அமெரிக்கா சென்று ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். அவர் நடந்து வந்த கதை உருக்கமானதே. ஆயினும் அவருடைய கணக்கு அதைவிட உருக்கமானது என்பது என் கட்சி. ஆகையால் கணக்குக்கே வருகிறேன்.

முழு எண் படிக்கட்டின் வரைபடத்தையும் பின்னப் படிக்கட்டின் வரைபடத்தையும் அருகருகே வைத்து, எண்களை மட்டும் கையால் மறைத்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இந்த ஒற்றுமையைத்தான் ஜெயின் துப்பாக எடுத்துக்கொண்டார். ஒரே மாதிரி படிக்கட்டுக்கு இரண்டு வேறு காரணங்கள் எதற்கு? பின்னப் படிக்கட்டும் ஏதோ சில துகள்களின் முழு எண் படிக்கட்டாக இருக்கலாகாதா? 1989-இல் அவர் விடை சொன்னார்: ஒவ்வோர் எலெக்ட்ரானும் இரண்டு சுழிகளைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டு ஒரு புதிய துகளாகிறது. அதற்கு அவர் இட்ட பெயர் கூட்டு ஃபெர்மியான். (சாம்பரில் பிறந்தவர் கூட்டைக் கண்டுபிடித்தார் என்று வீட்டில் சொன்னேன், பாட்டி நெடுநேரம் சிரித்தார்கள்.)

சுழி என்றால் என்ன? நம் தாய்மொழி இங்கே அழகாக உதவுகிறது. சுழி என்றால் ஆற்றில் சுழலும் நீர். சுழி என்றால் பூஜ்யமும் கூட. குவாண்டம் சுழி இரண்டுமே ஆகும். அதைச் சுற்றி மற்ற எலெக்ட்ரான்களின் அலை சுழல்கிறது. அதன் நடுவே அவை இருக்கும் வாய்ப்பு பூஜ்யம். சுழியைத் தன்மீது வைத்துக்கொண்ட எலெக்ட்ரானை மற்றவை நெருங்கா. தள்ளுமுள்ளு ஓய்கிறது.

இனி வரும் கணக்கை ஆறாம் வகுப்புத் தங்கைகளும் போடலாம். 1/3 என்றால் ஓர் எலெக்ட்ரானுக்கு மூன்று பாயக் காசு. அது சேர்த்துக்கொள்ளும் இரண்டு சுழிகளும் இரண்டு காசுகளைக் கழித்துவிடும். மிச்சம் ஒன்று. ஒரு துகளுக்கு ஓர் இருக்கை, எனவே முதல் வரிசை நிறைந்துவிட்டது! 2/5 என்றால் இரண்டு எலெக்ட்ரானுக்கு ஐந்து காசு. நான்கு கழிந்தால் மிச்சம் ஒன்று. இரண்டு துகளுக்கு வரிசைக்கு ஓர் இருக்கை, எனவே இரண்டு வரிசைகள் நிறைந்தன. 3/7-இல் ஏழில் ஆறு போக ஒன்று, மூன்று வரிசைகள். பின்னங்கள் மறைந்து 1, 2, 3 என்று கிளிட்சிங்கின் பழைய படிக்கட்டே திரும்ப வந்துவிட்டதல்லவா? 2/3-ஐப் போட்டுப் பாருங்கள். மூன்றில் நான்கு போனால் கழித்தல் ஒன்று. அதற்கும் பொருள் உண்டு: அந்தத் துகள்கள் உணரும் புலம் எதிர்த்திசையில் இருக்கிறது, நிறைந்தவை இரண்டு வரிசைகள். பகுதி எண்கள் ஏன் ஒற்றைப்படையாகவே வருகின்றன என்பதும் விளங்குகிறது. இரட்டை எண்ணுடன் ஒன்றைக் கூட்டினாலும் கழித்தாலும் ஒற்றைதானே வரும்!

ஒரு தெளிவு தேவை. ஆய்வகத்துக் காந்தம் அணைந்துவிடவில்லை; அதன் புலம் முழுமையாக அங்கேயே இருக்கிறது. எலெக்ட்ரான் சேர்த்துக்கொண்டது சுழியைத்தான், புலத்தை அன்று. ஆனால் மற்றத் துகள்கள் நகரும்போது சுழிகளின் விளைவு புலத்தின் விளைவுக்கு நேர் எதிராக அமைந்து அதை அடித்துவிடுகிறது.

"கணக்கு ஒத்துப்போனால் போதுமா? கூட்டு ஃபெர்மியான் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். விஞ்ஞானிகளும் கேட்டார்கள். 1993-இல் ஸ்டோர்மரின் குழுவினர் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே 'கூட்டு ஃபெர்மியான்கள் எவ்வளவு மெய்?' என்பதுதான். சோதனை 1/2 என்ற இடத்தில் நடந்தது. அங்கே ஓர் எலெக்ட்ரானுக்கு இரண்டு காசு. இரண்டும் கழிந்தால் மிச்சம் பூஜ்யம். ஜெயினின் துகள் மெய்யானால், பத்து டெஸ்லா அளவிலான புலத்தின் நடுவிலும் அது புலமே இல்லாதது போல நேராகச் செல்ல வேண்டும்! புலத்தைச் சற்று மாற்றினால் அந்தச் சிறு வேற்றுமையை மட்டும் உணர்ந்து பெரிய வட்டம் போட வேண்டும். சாதாரண எலெக்ட்ரான் அத்தனை வலிய புலத்தில் ஏறத்தாழ பத்து நானோமீட்டர் அளவுள்ள வட்டத்துக்குள் முடங்கிவிடும். அவர்கள் தளமெங்கும் நுண்ணிய துளைகளை ஒழுங்காக இட்டு அளந்தார்கள். துகள்கள் பல நூறு நானோமீட்டர் அகலமான வட்டங்களில் துளைகளைச் சுற்றி வந்தன.

சுற்றி வருவதைப் பற்றிப் பேசும்போது பின்னல் கோலாட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. பள்ளி ஆண்டு விழாவில் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து தொங்கும் வண்ணக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஒருவரையொருவர் சுற்றி ஆடுவார்கள். ஆடி முடிந்து அவரவர் இடத்தில் நின்றாலும், யார் யாரைச் சுற்றினார்கள் என்பது கயிற்றின் பின்னலில் பதிந்திருக்கும். நம் முப்பரிமாண உலகில் சாதாரணத் துகள்களுக்கு இப்படிப் பதிவு கிடையாது. ஒரு துகள் மற்றொன்றைச் சுற்றி வந்த பாதையை மேலே தூக்கி அவிழ்த்துவிடலாம். கோலத் தளத்தில் மேலே தூக்க வழியில்லை. சுற்று சுற்றாகவே நிற்கும். இதை 1977-இல் நார்வே நாட்டு லைனாஸ், மிர்ஹைம் என்ற இருவர் கண்டறிந்தனர். 1982-இல் ஃபிராங்க் வில்செக் அத்தகைய துகள்களுக்கு எனியான் என்று பெயரிட்டார். மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டமுள்ள துகள்கள் எனியான்களே. ஒன்று மற்றொன்றை ஒரு முறை சுற்றி வந்தால் அலை 120 பாகை, அதாவது வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, நகர்ந்துவிடுகிறது. 2020-இல் பாரிஸில் ஒரு குழுவும் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவும் இவற்றின் இந்த விந்தைக் குணத்தைச் சோதனையில் காட்டின.

இனி, சொன்னபடி நம் ஊர். கோபாலபுரத்திலிருந்து லஸ் அதிக தூரமில்லை. அங்கே 'ஏகாம்ர நிவாஸ்' என்ற வீட்டில் பேராசிரியர் அல்லாடி ராமகிருஷ்ணன் இயற்பியல் கருத்தரங்கு நடத்தி வந்தார். 1960-இல் மாமேதை நீல்ஸ் போரே அங்கு வருகை தந்தார். அந்தக் கருத்தரங்கிலிருந்து 1962-இல் பிறந்ததுதான் இன்று தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம். அங்கே எம்.வி.என். மூர்த்தியும் ஆர். சங்கரும் 1994-இல் ஒரு கேள்வியை ஆராய்ந்தார்கள். புதிதாக ஒரு துகள் மண்டபத்துக்குள் வந்தால் மற்றவர்களுக்கு எத்தனை இருக்கை குறையும்? எலெக்ட்ரான் வந்தால் ஒன்று குறையும். ஒளித்துகள் வந்தால் ஒன்றுமே குறையாது. எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே இருக்கையில் இருக்கலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட துகள்களும் இருக்கலாம் என்று 1991-இல் டங்கன் ஹால்டேன் எழுதியிருந்தார். அந்த இடைப்பட்ட எண்ணை ஒரு வாயுவின் அழுத்தத்தைக் கணக்கிடும் பழைய முறையிலிருந்தே பெறலாம் என்றும், எனியான்களுக்கு அது எவ்வாறு பொருந்தும் என்றும் மூர்த்தியும் சங்கரும் காட்டினார்கள்.

2025-இல் இயற்பியலுக்கான உல்ஃப் பரிசு ஜெயினுக்கும், மோட்டி ஹைப்ளம், ஜேம்ஸ் ஐசன்ஸ்டைன் ஆகியோருக்கும் சேர்த்து அளிக்கப்பட்டது. 1997-இல் மூன்றில் ஒரு பங்கை அளந்த இஸ்ரேல் குழுவின் தலைவர்தான் ஹைப்ளம்.

பகுதி எண் ஒற்றைப்படையாகவே வரும் என்று மேலே கண்டோம். அதற்கு ஒரு விதிவிலக்கு 1987-இலேயே அகப்பட்டுவிட்டது: 5/2. அங்கே கூட்டு ஃபெர்மியான்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொள்கின்றன என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம். அப்படிக் கோத்த நிலையில் எழும் எனியான்கள் இன்னும் விந்தையானவை. பின்னல் கோலாட்டத்தில் முதலில் யார், பிறகு யார் என்ற வரிசையை மாற்றினால் வேறு பின்னல் விழுமல்லவா? அதுபோல இவை சுற்றிய வரிசையையே நினைவில் வைத்திருக்கும் என்கிறது கணக்கு. அந்த நினைவைக் கொண்டு எளிதில் பிழைபடாத கணிப்பொறி செய்யலாம் என்று பல நாடுகளில் முயல்கிறார்கள். 2018-இல் ஹைப்ளம் குழுவினர் இந்நிலையில் வெப்பம் கடத்தப்படும் அளவை அளந்தபோது அதில் ஒரு அரைப் பங்கு வந்தது. அது அத்தகைய எனியான்களின் அடையாளம். ஆனால் அவற்றை ஒன்றையொன்று சுற்ற வைத்து, முதலில் எது, பிறகு எது என்பதைத் திருப்பிப் படித்து, எல்லோரும் ஒப்பும்படி காட்டிய சோதனை இன்னும் வரவில்லை.